ஹேலோவின் தொடக்க இசை கரகரப்ரியாவா?

ஹெப்பாளில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: “பழைய ஹேலோ வீடியோ விளையாட்டை வீட்டில் போட்டிருந்தேன். மெனு திரையில் அந்த ஆண் குரல்கள் ஆரம்பித்ததும் பாட்டி பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘யாருடா பாராயணம் பண்றா?’ என்று கேட்டாள். எனக்கும் சின்ன வயதிலிருந்து அது நம் பக்கத்து இசை மாதிரிதான் கேட்கிறது. உண்மையிலேயே ஏதாவது ராகமா? அமெரிக்கர் போட்ட இசையில் அது எப்படி வந்தது?”

பாட்டியின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த மெட்டில் வரும் ஏழு ஸ்வரங்களும் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள். ஆனால் அது கரகரப்ரியா ராகம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் சொல்ல நிறைய இருக்கிறது. அல்சூரில் ஒரு ஆசிரியரிடம் பத்து வருடம் வயலின் படித்துவிட்டு, இப்போது இதே பெங்களூரில் விளையாட்டுகளுக்கு ஒலி அமைத்துப் பிழைப்பவன் நான். இந்த ஒரு இசைத்துண்டைப் பற்றி வெகுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அது பிறந்த கதை. ஹேலோவை, அதை உருவாக்கிய பங்கி நிறுவனம் முதன்முதலில் உலகுக்குக் காட்டியது 1999 ஜூலையில், நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்ட் என்ற ஆப்பிள் கணினி நிகழ்ச்சியில். மேடையில் அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அந்தக் காட்சிக்கு இசை வேண்டும் என்று மார்ட்டின் ஓ’டொனலுக்குச் சொன்னபோது கையில் சில நாட்களே இருந்தன. அவர் ஷிகாகோவில் மைக்கேல் சால்வடோரியோடு சேர்ந்து விளம்பர இசை போட்டுக்கொண்டிருந்தவர். இசைக் கல்லூரியில் முறையாக காம்போசிஷன் படித்தவரும்கூட. எப்படிப்பட்ட இசை வேண்டும் என்று அவர் கேட்டதற்கு பங்கியின் ஜோசப் ஸ்டேட்டன் சொன்னது மூன்றே விஷயங்கள்: பழமை, பிரம்மாண்டம், மர்மம். கதையும் அப்படித்தான். 10,000 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம் விண்வெளியில் மிதக்கிறது. அதைக் கட்டியவர்கள் மறைந்து ஒரு லட்சம் வருடம் ஆகிவிட்டது.

பழமை என்றதும் ஓ’டொனலுக்கு நினைவு வந்தது கிரிகோரியன் கீதம். ஐரோப்பிய மடங்களில் துறவிகள் எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டை, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவது. சாம கானம் போல, ஓதுவார் தேவாரம் போல, அதுவும் வழிபாட்டுக்காகப் பிறந்த இசை. அந்தக் கீதங்களை எட்டு ‘மோடு’களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் முதலாவதாக எண்ணப்படுவது டோரியன். ஹேலோவின் மெட்டு டோரியனில்தான் இருக்கிறது, ஈ (E) என்ற மேற்கத்திய ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து. நம் கணக்கில் மூன்று கட்டை.

டோரியனை நம் ஸ்வரங்களில் எழுதிப் பாருங்கள்: ஷட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். 72 தாய் ராகங்களில் 22ஆவது மேளகர்த்தா, கரகரப்ரியா. நம் வழக்கில் இதற்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு. சிலப்பதிகாரக் காலத்து ஏழு பெரும்பாலைகளில், அதாவது ஏழு ஸ்வர வரிசைகளில், கோடிப்பாலை என்பது இதுதான் என்று இசை ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். செம்பாலையில், அதாவது இன்றைய ஹரிகாம்போதியில், இளியைக் குரலாகக் கொண்டால் கோடிப்பாலை பிறக்கும். இன்றைய பேச்சில், பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்வது. ஐரோப்பியத் துறவிகளின் மோடுகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம்: ஏழு ஸ்வரம் கையில் இருக்கிறது, எதை ஆதாரமாக வைக்கிறாய் என்பதில் நிறம் மாறுகிறது. யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள் என்று நிரூபிக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏழு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாட்டிக்குப் பாராயணம் நினைவு வந்ததற்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது. சாம கானத்தின் ஸ்வரங்களைக் கரகரப்ரியாவோடு சேர்த்துப் பேசுவது கர்நாடக இசை உலகில் நெடுநாள் வழக்கம். நான் படித்த ஆசிரியர் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த மேளத்தைத் தொடங்கினார்.

வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு இருந்தால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். டி-யில் ஆரம்பித்து அடுத்த டி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். அதுதான் டோரியன். இப்போது டி என்ற கட்டையைக் கண்ணால் பாருங்கள்: இரண்டு கறுப்புக் கட்டைகளுக்குச் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து வலப்பக்கம் போனாலும் இடப்பக்கம் போனாலும் இடைவெளிகள் ஒரே வரிசையில் வரும். ஒன்று, அரை, ஒன்று, ஒன்று, ஒன்று, அரை, ஒன்று. ஏறினாலும் இறங்கினாலும் அதே படிக்கட்டு. அது மட்டுமில்லை, ஸ ரி க ம என்ற கீழ்ப்பாதியும் ப த நி ஸ என்ற மேல்பாதியும் அச்சு அசல் ஒன்று. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகள்.

ஹேலோவின் மெட்டு நிற்பது இந்தச் சமச்சீரின் மேல்தான். குரல்கள் முதலில் ஸ ரி க என்று ஏறுகின்றன. சற்று அசைந்து ஷட்ஜத்துக்கே திரும்புகின்றன. அடுத்த அடி பஞ்சமத்தில் ஆரம்பித்து ப த நி என்று ஏறுகிறது. இரண்டும் ஒரே வடிவம். முதல் அடியைக் கேட்ட காதுக்கு இரண்டாவது அடி கேட்பதற்கு முன்பே தெரியும். முதல் தடவை கேட்கிறவர்களுக்குக்கூட ‘இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே’ என்று தோன்றுவதற்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கேள்வி கேட்டு அதற்கு அதே ராகத்தில் மேலிருந்து பதில் சொல்வது போல, மெட்டு தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது.

இரண்டாவது அடியில் வரும் அந்த தைவதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சதுஸ்ருதி தைவதத்துக்குப் பதில் சுத்த தைவதம். மூன்று கட்டைக்கு சி ஷார்ப்பை விட்டு சி. ஒரே ஒரு கட்டை. மெட்டு நடபைரவி என்ற வேறொரு மேளமாகிவிடும், உடனே முகம் வாடிப்போகும். சினிமாவில் பிரிவுக் காட்சிக்குப் போடும் சோகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய தைவதத்தைத் திரும்ப வையுங்கள்: சோகம் இருக்கும், ஆனால் அழுகை இருக்காது. எதற்கோ காத்திருக்கிற ஒரு நிமிர்வு இருக்கும். எனக்கு இந்த இசையின் உயிர் அந்த ஒரு ஸ்வரத்தில்தான் இருக்கிறது. தொடக்கக் குரலில் அது ஒலிக்கும்போதெல்லாம் இப்போதும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

சரி, ராகம் இல்லை என்று ஏன் சொன்னேன்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்ன விளையாட்டுக்கு இதே மாதிரி குரல் இசை வேண்டியிருந்தது. காக்ஸ் டவுனில் ஒரு சிறிய ஸ்டுடியோ, மூன்று பாடகர்கள். ஒருவர் ஃப்ரேசர் டவுன் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஒருவர் சாஃப்ட்வேர் வேலையில் இருந்துகொண்டு ஆசைக்குப் பாடுகிறவர். மூன்றாமவர் கர்நாடக சங்கீதம் நன்றாகப் படித்தவர், கச்சேரியும் செய்கிறவர். டோரியனில் ஒரு மெட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் இருவரும் எழுதியபடி பாடினார்கள். மூன்றாமவர் காந்தாரத்துக்கு வந்ததும் அவரை அறியாமலேயே ஸ்வரம் அசைந்தது. மத்தியமத்தைத் தொட்டுத் தொட்டு, அந்த மெதுவான கம்பிதம். அதோடு அறையே மாறிவிட்டது. மடத்துச் சுவர் கரைந்து, சாமராஜ்பேட்டையில் ராம நவமிக் கச்சேரிப் பந்தலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு. “அண்ணா, காந்தாரத்தை ஆட்டாமல் பிடியுங்கள்” என்றேன். முயன்றார். அடுத்த தடவை காந்தாரம் நின்றது, நிஷாதம் ஆடியது. பாதி மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர் சொன்னார்: “ஆட்டலேன்னா எனக்கு அந்த ஸ்வரம் வீட்டுக்கு வந்த மாதிரியே இல்லப்பா.”

ராகம் என்பது அவர் சொன்ன அந்த ‘வீடு’தான். கரகரப்ரியா என்றால் ஏழு ஸ்வரங்களின் பட்டியல் இல்லை. காந்தாரமும் நிஷாதமும் அசைய வேண்டிய விதத்தில் அசைய வேண்டும், ரிஷபத்தில் நிற்கும் நிலை, பஞ்சமத்துக்குப் போகும் வழி எல்லாம் சேர வேண்டும். தியாகராஜர் ‘சக்கனி ராஜ மார்க்கமு’ என்று பாடியிருக்காவிட்டால் இந்த மேளத்துக்கு நாம் இன்று அறியும் முகம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அவர்தான் அதைக் கிருதிகளால் வளர்த்து ஆளாக்கினார். ஹேலோவின் துறவிக் குரல்களோ ஸ்வரத்தைக் கல் தூண் போல நட்டு வைக்கின்றன. கார்வை உண்டு, அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது; அசைவு இல்லை. அதனால் ‘ஹேலோ தீம் கரகரப்ரியாவில் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் முழுசாக ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே செங்கல், வேறு வீடு.

அசையாத ஸ்வரம் ஏன் பழமையாகக் கேட்கிறது என்பதற்குக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவுக்கு ஒரு நாள் தமிழ்ப் பூசை நேரத்தில் போய்ப் பின்வரிசையில் நின்று கேளுங்கள். ஒருவர் பாடி நிறுத்திய பிறகும் குரல் மேலே கூரை வளைவில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தையது இன்னும் போயிருக்காது. ஐரோப்பாவின் பெரிய கல் தேவாலயங்களில் இந்த எதிரொலி பல வினாடிகள் நிற்கும். அங்கே வேகமாகப் பாடினால் எல்லாம் கூழாகிவிடும். அதனால்தான் அந்தக் கீதங்கள் மெதுவாக, பக்கத்து பக்கத்து ஸ்வரங்களில் படியேறுகின்றன. ஒரே ஒரு மெட்டுதான் பாடுகிறார்கள், ஆனால் ரிஷபத்தின் மிச்சத்தின் மேல் காந்தாரம் வந்து விழுகிறது. இரண்டுக்கும் இடையில் அரை ஸ்வரம்தான். லேசாக உரசுகிறது, பிறகு தெளிகிறது. கட்டடம் தானே ஒரு ஹார்மனி போட்டுக்கொடுக்கிறது. நம் கோயில் கல் மண்டபத்தில் ஓதுவார் குரலுக்கு நடப்பதும் இதுதான். ஹேலோவின் குரல்களுக்கு ஸ்டுடியோவில் சேர்த்த எதிரொலி உங்கள் காதிடம் ‘இது கல் கட்டடம், பெரிது, வெகு பழையது’ என்று சொல்லிவிடுகிறது. திரையில் வளையம் தெரிவதற்கு முன்பே இடம் கட்டப்பட்டுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது யாரும் மிகச் சரியாக ஒரே இடத்தில் நிற்பதில்லை. மயிரிழை மேலே, மயிரிழை கீழே. அந்தச் சின்ன விலகல்கள் சேர்ந்து குரலுக்கு ஒரு அகலத்தைக் கொடுக்கின்றன. இதை மென்பொருளில் சரிசெய்து எல்லாக் குரலையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் உயிர் போய்விடும். நானே ஒரு முறை அப்படிச் செய்து, கேட்டுப் பார்த்து, இரவோடு இரவாகப் பழையபடி மாற்றியிருக்கிறேன்.

மெட்டில் சொற்களும் கிடையாது. வெறும் உயிரெழுத்து. லத்தீன் வரிகள் இருந்திருந்தால் ஒரு மதம், ஒரு நாடு, ஒரு காலம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சொல் இல்லாததால் ஹெப்பாளில் ஒரு பாட்டிக்கு அது பாராயணமாகக் கேட்க இடம் இருக்கிறது.

குரல் அடங்கிய பிறகுதான் வில் வாத்தியங்கள் வருகின்றன. செல்லோக்கள் அடித்தளத்தில் குதிரைக் குளம்பு மாதிரி வெட்டி வெட்டி ஓட, அதன் மேல் தோல் வாத்தியங்கள். பெரும்பாலானோர் இந்த ஓட்டத்தைத்தான் ‘ஹேலோ தீம்’ என்று விசிலடிக்கிறார்கள். நடுவே ஒற்றைக் குரல் ஒன்று சூஃபி பக்திப் பாட்டான கவ்வாலியின் சாயலில் ஏங்கி எழும். அந்த ஓரிடத்தில் மட்டும் ஸ்வரம் வழுக்குகிறது, அசைகிறது. நம் காது சட்டென்று நிமிர்வதற்கு அதுவும் காரணம். முதல் விளையாட்டின் இசையில் பெரும்பகுதி சின்தசைசரும் சாம்ப்ளரும்தான். மனிதர் பாடியதும் வாசித்ததும் அதன் மேல் போர்த்தியது. 2004இல் இரண்டாம் பாகத்துக்கு ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வை எலக்ட்ரிக் கிட்டாரில் இதே தீமை வாசித்தார். 2007இல் மூன்றாம் பாகத்துக்கு 60 பேர் ஆர்கெஸ்ட்ராவும் 24 பேர் கொண்ட குரல் குழுவும் வந்தன. அத்தனை வில்லும் சேர்ந்து எழும்பும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், வாத்தியம் கூடக் கூடப் பிரம்மாண்டம் ஏறியது, மர்மம் இறங்கியது. 2001இல் வந்த முதல் விளையாட்டின், வாத்தியமில்லாத அந்தக் குரல்களின் தொடக்கத்தை எந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் எனக்கு மறக்கடிக்கவில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என் தொழில் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சினிமாவில் ஒரு காட்சி இரண்டு நிமிடம் பத்து வினாடி என்றால் என்றைக்கும் அவ்வளவுதான். விளையாட்டில் அப்படி இல்லை. ஒருவர் அந்த அறையை முப்பது வினாடியில் தாண்டுவார், இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். இசை இருவருக்கும் பொருந்த வேண்டும். ஓ’டொனல் இதற்கு ஒவ்வொரு துண்டையும் தொடக்கம், சுழலும் நடுப்பகுதி, முடிவு என்று வெட்டி வைத்தார். ஆட்டக்காரர் குறிப்பிட்ட இடத்தைத் தொடும் வரை நடுப்பகுதி மாறி மாறிச் சுழலும். தொட்டதும் முடிவுத் துண்டு வந்து இசையை முறையாக இறக்கிவைக்கும். ஆட்டக்காரர் ஐந்து நிமிடம் ஆகியும் நகரவில்லை என்றால் இசை மெல்ல மறைந்துவிடும். அலுப்புத் தட்டுவதற்குள் விலகிவிட வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை நான் கல்யாண வீட்டை வைத்துத்தான் விளக்குகிறேன். நாதஸ்வர வித்வான் ஆலாபனை செய்துகொண்டே இருப்பார். கண் மட்டும் மணவறையில் இருக்கும். சாஸ்திரிகள் கை உயர்ந்த அந்த நொடி, எங்கே இருந்தாலும் விட்டுவிட்டுக் கெட்டிமேளம். முகூர்த்தம் ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலும் வாசிப்பில் ஒரு ஓட்டை தெரியாது. நீட்டவும் முடியும், நறுக்கவும் முடியும், கேட்கிறவனுக்கு இரண்டுமே திட்டமிட்டது போலத்தான் இருக்கும். அந்த வித்வான் செய்கிற வேலையை ஒரு பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஹேலோவின் கடைசிக் கட்டத்தில், வெடிக்கப்போகும் கப்பலுக்குள் ஜீப்பை ஓட்டிக்கொண்டு தப்பிக்கும்போது, மெனு திரையில் கேட்ட அதே தீம் முழு வேகத்தில் திரும்ப வருகிறதே, அங்கே உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும். முதல் நாள் சும்மா நின்று கேட்ட மெட்டு உங்கள் ஓட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறது.

2002இல் இதன் இசைத்தட்டு வந்தபோது விளையாட்டில் சிதறிக் கிடந்த துண்டுகளைத் தொகுத்து, கோத்து, நீண்ட பகுதிகளாக மாற்றி அமைத்தார்கள். அதனால் இசைத்தட்டில் கேட்பதும் விளையாட்டில் கேட்பதும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது. ஒப்பிட்டுக் கேட்கப்போகிறீர்கள் என்றால் இது நினைவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாட்டி எப்போதாவது பாடியவர் என்றால், ஒரு நாள் மெனு திரையை அப்படியே விட்டுவிட்டு, போனில் சுருதிப் பெட்டியை மூன்று கட்டைக்கு வைத்துப் பக்கத்தில் ஓடவிடுங்கள். சுருதியும் அந்தக் குரல்களும் சேர்வது உங்களுக்கே கேட்கும். பிறகு டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதே மெட்டைப் பாடச் சொல்லுங்கள். காந்தாரம் வரும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆட்டிப் பாடுகிறாரா, நிறுத்திப் பாடுகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.